அவ ஏன் அங்க போனா?

காலையில் காபி டம்ளரோடு பேப்பரைப் பிரிக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு பலாத்காரச் செய்தி. "ஐயோ பாவம்!" என்று ஒரு 'உச்' கொட்டுகிறீர்கள். அதற்கு அடுத்த நிமிஷம் உங்கள் வீட்டு ஹாலில் என்ன பேச்சு நடக்கிறது? கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

"அந்த நேரத்துல அவ ஏன் அங்க போனா?"

"துணைக்கு ஒரு ஆம்பளை கூட இல்லாமலா போவாங்க?"

"பெத்தவ என்ன பண்ணிட்டு இருந்தாளாம்?"

"எந்த ஏரியா? ஓ... வண்ணாரப்பேட்டையா! அப்ப சரி."

நாலு கேள்வி. நாலும் அந்தப் பெண்ணைப் பற்றி, அவளைப் பெற்றவளைப் பற்றி, அவள் குடியிருக்கும் தெருவைப் பற்றி. செய்தவனைப் பற்றி ஒரு கேள்வியாவது உண்டா? 'அவன் ஏன் செய்தான்? மாட்டிக்கொள்ள மாட்டோம் என்ற தைரியம் அவனுக்கு எங்கிருந்து வந்தது?' என்று யாராவது கேட்கிறோமா?

ராயபுரத்தில் ஒருத்தருக்கு மலேரியா வந்தால், "நீ ஏன் கொசுகிட்ட கடி வாங்கினே?" என்று யாரும் பேஷண்ட்டைத் திட்டுவதில்லை. கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து மொட்டைமாடித் தொட்டி, கிணறு, பழைய டயர் என்று கொசு எங்கே முட்டையிடுகிறது என்றுதான் தேடுகிறார்கள். ஒரு காய்ச்சலுக்கு இருக்கிற இந்தச் சாதாரண புத்தி, பாலியல் பலாத்காரம் என்று வரும்போது மட்டும் நமக்கு எங்கே போய்விடுகிறது? நாமும் இன்று கொஞ்சம் தொட்டிகளைத் திறந்து பார்க்கலாம். சில தொட்டிகள் நம் வீட்டு மாடியிலேயே இருக்கலாம், முகம் சுளிக்காமல் படியுங்கள்.

'எந்த ஏரியா?'

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிப்போம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்றாலே தெற்கே இருப்பவர்களுக்கு ஒரு இளக்காரம். சினிமாவும் தன் பங்குக்கு அரிவாள், கைலி, சந்துக்குள் ஓட்டம் என்று காட்டிக் காட்டிப் பழக்கிவிட்டது. ஷிப்டு முடிந்து சைக்கிளை மிதித்து வீடு திரும்புகிற ஃபாக்டரி தொழிலாளியும், விடியுமுன் மீன் ஏலத்துக்குக் கிளம்புகிற அம்மாவும், வடிவுடையம்மன் கோயில் வாசலில் பூ கட்டுகிற பாட்டியும் அந்தப் படங்களில் வருவதே இல்லை.

2020 நவம்பரில் வண்ணாரப்பேட்டை அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு ஒரு தாயின் புகார் வந்தது. அவருடைய 13 வயது மகளை உறவுக்காரர்களே மிரட்டி, பணத்துக்காக ஆண்களிடம் அனுப்பியிருக்கிறார்கள் என்பதுதான் புகார். விசாரணை போகப் போக ஆட்களின் பட்டியல் நீண்டது. அதில் எண்ணூர் காவல் நிலையத்தின் இன்ஸ்பெக்டர் இருந்தார். அரசியல் கட்சி நிர்வாகி ஒருவர் இருந்தார். டி.வி. சேனலில் வேலை பார்த்த ஒருவரும் இருந்தார். 2022 செப்டம்பரில் சென்னை போக்ஸோ சிறப்பு நீதிமன்றம் 21 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சிறுமியின் உறவினர்கள் அடங்கிய 8 பேருக்கு ஆயுள் தண்டனை. இன்ஸ்பெக்டர் உட்பட 13 பேருக்குத் தலா 20 ஆண்டு.

இந்த வழக்கில் நம் நாலு கேள்விகளையும் வைத்துப் பாருங்கள். இருட்டுச் சந்தில் வழிமறித்த முரடன் எங்கே? அப்படி ஒருவன் இந்த வழக்கில் இல்லவே இல்லை. ஆபத்து உறவுக்குள் இருந்தது. 'துணைக்கு ஒரு ஆம்பளை' என்கிறோமே, ஊருக்கே துணையாக நிற்க வேண்டிய காக்கிச் சட்டைக்காரரே பட்டியலில் இருந்தார். பெற்றவள் என்ன பண்ணிக்கொண்டிருந்தாள்? ஸ்டேஷன் படியேறிப் புகார் கொடுத்தாள். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த 21 பேரும் இன்றைக்கும் தெருவில் 'பெரிய மனுஷன்'களாக உலவிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். ஒரு குழந்தையைப் பணம் கொடுத்து 'வாங்க' வேண்டுமென்றால் கையில் பணம் இருக்க வேண்டும். பதவியும், தட்டிக்கேட்க ஆளில்லை என்ற நினைப்பும் இருக்க வேண்டும். 'ஏழைங்க ஏரியா, அதான் இப்படி' என்று நாம் சொல்வது பாதிகூட உண்மையில்லை. வறுமை ஒரு குழந்தையைப் பாதுகாப்பில்லாத இடத்தில் கொண்டு நிறுத்தும், அவ்வளவுதான். அப்பா துறைமுகத்துக்கோ மணலிக்கோ ஷிப்டு போக, அம்மா மூன்று மணிக்கே காசிமேட்டுக்குக் கிளம்ப, பெண்ணை அத்தை வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ விட்டுப் போவதைத் தவிர வேறு வழி கிடையாது. இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? நீங்கள் ஆபீஸ் போகும்போது மேல் போர்ஷன் மாமியிடம் சாவியையும் குழந்தையையும் ஒப்படைத்துவிட்டுப் போகிறீர்களே, அதேதான் இதுவும்.

இதே ஊரில் அயனாவரத்தில், வாட்ச்மேன், லிஃப்ட், கேட் எல்லாம் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் 2018-ல் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். 11 வயதுச் சிறுமி. மாதக்கணக்கில் கொடுமை. கைதான 17 பேரும் அந்தக் கட்டடத்துக்கு ஏதோ ஒரு வேலையாகத் தினம் வந்து போனவர்கள். காம்பவுண்டுச் சுவர் வெளியாளைத்தான் தடுக்கும். உள்ளே நாமே நம்பி விட்டவனை அது என்ன செய்யும்?

தெரிந்த முகம்தான்!

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் நாடு முழுவதும் பதிவான பலாத்கார வழக்குகள் 31,677. இவற்றில் நூற்றுக்கு 96-க்கு மேல், செய்தவன் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவன். உறவுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், வேலை கொடுத்தவன், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொன்னவன்... இவை புகாராக வந்தவை மட்டும். வராதவற்றை யார் எண்ணுவது?

குழந்தைகள் விஷயத்தில் ஓரளவுக்கு எண்ணியிருக்கிறார்கள். மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏதோ ஒரு விதப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதத்துக்கும் மேல். அதில் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள் பையன்கள்! சென்னையில் 'துளிர்' அமைப்பு 2006-ல் 2,211 பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டபோது 42 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். அங்கேயும் பையன்கள் 48 சதவீதம், பெண்கள் 39.

"எனக்கு ரெண்டும் பையன்தான், கவலையில்லை" என்று நிம்மதியாக இருக்கும் அம்மாக்கள் இந்த எண்ணை இன்னொரு முறை படிக்கலாம்.

ஒரு குழந்தை ஏன் சொல்வதில்லை? சொல்ல வார்த்தை தெரியாது. கையைக் காட்டி 'கை' என்று சொல்லிக்கொடுத்த நாம், மறைவிடத்துக்கு மட்டும் பெயரே சொல்லித் தருவதில்லை. 'சீ... அசிங்கம்' என்பதுதான் நாம் கொடுத்த பெயர். அசிங்கம் என்று சொல்லப்பட்ட இடத்தில் ஒருத்தன் கை வைத்தால், தானே ஏதோ அசிங்கம் பண்ணிவிட்டதாகத்தான் குழந்தை நினைக்கும். அதோடு, பெரியவங்க சொன்னா கேக்கணும், மாமாவுக்கு முத்தம் குடு, எதிர்த்துப் பேசக்கூடாது என்று பாடம் வேறு. பலாத்காரம் செய்கிறவனுக்கு இதைவிட வசதியாக ஒரு பிள்ளையை யாரும் வளர்த்துத் தர முடியாது. மாமாவுக்கு முத்தம் கொடுக்கப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மாமா கோபித்துக்கொண்டால் ஒரு காபி கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம்.

எது 'அழிந்தது'?

நம் பத்திரிகைகள் பல வருஷம் எழுதிய வார்த்தை 'கற்பழிப்பு'. இந்த வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். திருடன் வந்தால் திருட்டு என்கிறோம், கொன்றால் கொலை என்கிறோம். இரண்டிலும் செய்தவனின் செயல்தான் பெயர். இதில் மட்டும் பெண்ணிடம் ஏதோ ஒன்று அழிந்து போய்விட்டது என்று பெயர் வைத்தோம். அவன் ஒரு பலாத்காரம் செய்துவிட்டுப் போகிறான், அவள் வாழ்நாளெல்லாம் 'அழிந்து போனவள்'. அவன் குற்றத்தை இவள் தலையில் எழுதுகிற வார்த்தை இது. 'பாலியல் வன்முறை', 'பாலியல் வன்கொடுமை' என்று இப்போது பல இடங்களில் எழுதுகிறார்கள், நல்லது. வீட்டுப் பேச்சில்தான் பழைய சொல் இன்னும் போகவில்லை.

இதே போல்தான் 'விபசார அழகி கைது' என்ற தலைப்பும். பணம் கொடுத்துப் போனவனுக்கு அங்கே பெயருமில்லை, படமுமில்லை. வண்ணாரப்பேட்டை வழக்கின் பெரிய நன்மை என்று நான் நினைப்பது, போனவர்களும் கூண்டில் நின்றதுதான். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை விஷயத்தில் 'அவளும் சம்மதிச்சா' என்ற பேச்சுக்கே 2012-ல் வந்த போக்ஸோ சட்டத்தில் இடமில்லை. விபசாரக் குழந்தை என்று ஒருத்தி கிடையாது, கொடுமைக்கு ஆளான குழந்தைதான் உண்டு.

குடும்ப மானத்தைப் பெண்ணின் உடம்பில் கொண்டுபோய்ப் பூட்டி வைத்திருக்கிறோம். அதனால் திருட்டுப் போனால் ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்கள், இது நடந்தால் கதவைச் சாத்துகிறார்கள். "வெளியில தெரிஞ்சா யாரு கட்டிப்பா?" என்ற அந்த ஒரு வரிக்குள்ளேதான் செய்தவனின் தைரியம் முழுக்க இருக்கிறது. இவர்கள் சொல்ல மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். சில சமயம் அவனே வந்து "சொன்னா உங்களுக்குத்தான் அசிங்கம்" என்று புத்திமதி சொல்லிவிட்டும் போவான்.

அப்புறம் நம் பஞ்சாயத்துத் தீர்ப்பு. "அவனையே கட்டி வெச்சிடுங்க!" பழைய சினிமாக்கள் இதைச் சுப முடிவாகவே காட்டின. சினிமாவை விடுங்கள். 2015 ஜூனில், கடலூர் மாவட்ட வழக்கு ஒன்றில் தண்டனை பெற்றவர், பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. சம்பவம் நடந்தபோது அந்தப் பெண் மைனர். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. வேறொரு வழக்கில் 2015 ஜூலை 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட், பலாத்கார வழக்கில் சமரசம் என்ற பேச்சே கூடாது என்று திட்டவட்டமாகச் சொன்னது. அந்த மாதமே உயர் நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நீதிபதிகளும் நம் வீட்டு ஹால்களிலிருந்துதானே கோர்ட்டுக்குப் போகிறார்கள்!

'ஆம்பளைன்னா அப்படித்தான்'

உணர்ச்சி வேகம், ஹார்மோன், கண்ட படத்தைப் பார்த்தான், குடித்திருந்தான்... அவன் சார்பில் வாதாட ஊரே ரெடி. டாக்டர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். பசி, தூக்கம் போல அடக்கினால் உயிர் போகிற விஷயம் இல்லை இது. அப்படி அடக்கவே முடியாதவன் என்றால், நடுரோட்டில், மேனேஜர் மகளிடம், போலீஸ்காரர் பெண்டாட்டியிடம் கைவைக்க வேண்டுமே? வைப்பதில்லை. ஆள் பார்த்து, இடம் பார்த்து, திருப்பி அடிக்க முடியாதவளைப் பார்த்துத்தான் போகிறான். குடித்துவிட்டு வருகிறவன் டிராஃபிக் போலீஸைப் பார்த்ததும் சட்டையை இழுத்துவிட்டு ஒழுங்காக நடக்கிறானா, இல்லையா? குடி கூச்சத்தைக் குறைக்கும், கையையும் துணிய வைக்கும். யாரிடம் துணியலாம் என்ற கணக்கு மட்டும் போதையிலும் தப்புவதில்லை.

1992 ஜூன் 20-ந் தேதி தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் நடந்ததை எந்த ஹார்மோனால் விளக்குவீர்கள்? வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை என்று அரசாங்க ஆட்கள் சந்தனமரச் சோதனை என்ற பெயரில் மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். ஆரம்பத்தில் அந்த மக்கள் சொன்னதை நம்ப ஆளில்லை. 2011 செப்டம்பரில்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோக, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த ஊர்ப் பெண்கள் 31 வருஷம் காத்திருந்தார்கள். ஏழை, மலைசாதி, கேட்க நாதியில்லை என்ற நினைப்புத்தான் அந்த யூனிஃபாரத்துக்குள் வேலை செய்தது. சின்ன அளவில், பெரிய அளவில், எல்லா பலாத்காரத்திலும் இந்த 'என்னை யார் கேட்பது?' இருக்கிறது.

இந்த நினைப்பு ஒரு பையனுக்கு எந்த வயதில் வருகிறது? தங்கை தட்டைக் கழுவ, அவன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறானே, அங்கே ஒரு விதை விழுகிறது. அவன் பெண் பிள்ளையைக் கிண்டல் செய்தால் 'வயசுக் கோளாறு', அவள் பதில் பேசினால் 'வாயாடி'. தட்டு கழுவாத பையன்கள் எல்லோரும் பலாத்காரம் செய்கிறவர்களாக ஆகிவிடுவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் 'வேண்டாம்' என்று ஒரு பெண் சொன்னால் அதற்கு அர்த்தம் 'வேண்டாம்'தான் என்பதைப் பையனுக்கு வீட்டில் யாராவது சொல்லித்தர வேண்டும். சொல்லாவிட்டால் அவனுக்குச் சொல்லித்தர செல்போனில் ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். அங்கே கற்றுக்கொடுப்பது இதற்கு நேர் எதிர்ப் பாடம்.

கல்யாணமான வீடுகளிலும் இந்த 'வேண்டாம்' படும் பாடு உங்களுக்கே தெரியும். 18 வயதான மனைவியிடம் கணவன் பலவந்தமாக நடந்துகொள்வதை நம் சட்டம் இன்றுவரை பலாத்காரம் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

'அவ ஏன் கத்தலை?'

அடிக்கடி கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் பதில் இருக்கிறது. பெரிய ஆபத்து வரும்போது உடம்புக்கு மூன்று வழி உண்டு. எதிர்த்து அடிப்பது, ஓடுவது, மூன்றாவது உறைந்து போவது. மூன்றாவதில் கை கால் அசையாது, குரல் வராது. பல்லியைப் பார்த்துப் பயந்து பேச்சு நின்றவர்களைப் பார்த்ததில்லையா? அதைப் போலப் பல மடங்கு. மூளை தானாகச் செய்கிற வேலை, அவள் விருப்பம் இதில் ஒன்றும் கிடையாது. பிற்பாடு நடந்ததை முன்பின்னாகச் சொல்வதும், சில பகுதிகள் மறந்து போவதும் இதனால்தான். 'மாத்தி மாத்திப் பேசறா, பொய்' என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்த அறியாமையின் விலை என்ன தெரியுமா? 1972-ல் மகாராஷ்டிராவில் ஒரு மலைவாழ் சிறுமி போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே இரண்டு போலீஸ்காரர்களால் கொடுமைக்கு ஆளானாள். 'மதுரா வழக்கு' என்று பெயர் பெற்றது. உடம்பில் காயமில்லை, கத்தவில்லை, ஆகவே சம்மதம் என்று சொல்லி 1978-ல் சுப்ரீம் கோர்ட் இருவரையும் விடுதலை செய்தது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-ல் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பெண்கள் ரோட்டுக்கு வந்தார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. எதிர்த்துப் போராடவில்லை என்பதால் மட்டும் சம்மதம் ஆகிவிடாது என்று 2013 திருத்தம் தெளிவாகவே எழுதி வைத்தது. சட்டப் புத்தகம் மாறிவிட்டது. நம் ஹாலில்தான் இன்னும் 1978 ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்கள் குழந்தை வந்து சொன்னால்...

முதலில் நம்புங்கள். "நிஜமாவா? சித்தப்பாவா? சும்மா சொல்லாதே" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அந்த வாய் அதற்குப் பிறகு திறக்காது. "நீ எங்கிட்ட சொன்னது ரொம்ப நல்லதும்மா. உம்மேல தப்பே இல்லை. நான் பாத்துக்கறேன்." இந்த மூன்று வாக்கியம் போதும். அழுகை, ஆத்திரம், கத்தல் எல்லாம் அடுத்த ரூமில் வைத்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்பத் துருவிக் கேட்காதீர்கள். சில குழந்தைகள் வாயால் சொல்லாது. திடீரென்று படுக்கையில் சிறுநீர் போவது, காரணமில்லாத வயிற்றுவலி, ஒரு குறிப்பிட்ட ஆள் வந்தால் மட்டும் ஒளிந்துகொள்வது என்று உடம்பு சொல்லும். இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் உடனே முடிவுக்கு வர வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள்.

சம்பவம் நடந்து சில மணி நேரமோ சில நாட்களோதான் ஆகியிருக்கிறதென்றால் நேராக ஆஸ்பத்திரி. வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி இருக்கிறது, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும் என்பது சட்டம், மறுத்தால் அது தண்டனைக்குரிய குற்றம். "முதல்ல எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பக் கூடாது. கூடுமானால் குளிக்காமல், உடை மாற்றாமல் போவது நல்லது. மாற்றியாகிவிட்டது என்றால் அந்தத் துணியைத் துவைக்காமல் பிளாஸ்டிக் கவரில் இல்லாமல் பேப்பர் பையில் போட்டு எடுத்துப் போங்கள். குளித்தாகிவிட்டதா? பரவாயில்லை, அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

72 மணி நேரம் என்ற கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். கர்ப்பம் தரிக்காமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை அதற்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எய்ட்ஸ் கிருமி தொற்றாமலிருக்கத் தரும் மருந்தையும் 72 மணிக்குள் ஆரம்பித்து 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மற்றப் பால்வினை நோய்களுக்கு மருந்து, மஞ்சள்காமாலைத் தடுப்பூசி எல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார். நாள் கடந்து கர்ப்பம் தெரிந்தாலும், பலாத்காரத்துக்கு ஆளானவர்களுக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு 2021-ல் திருத்தப்பட்ட சட்டம் இடம் தருகிறது.

ஆஸ்பத்திரியில் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். 'பழக்கமானவளா' என்று பார்க்க விரல்விட்டுச் செய்யும் பரிசோதனை கூடாது. மருத்துவ ரீதியாக அதற்கு எந்த மதிப்பும் இல்லை. 2022-ல் முதலில் சென்னை உயர் நீதிமன்றமும், பிறகு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்திருக்கின்றன.

அடுத்தது போலீஸ். 18 வயதுக்குக் கீழே என்றால், விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆக வேண்டும். தாத்தாவோ, டாக்டரோ, ஹெட்மாஸ்டரோ, மறைத்தால் அவர்மேலும் வழக்கு வரும். 'ஸ்கூல் பேர் கெட்டுடும்' என்பதெல்லாம் சட்டத்தின் முன் எடுபடாது. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், 'எங்க லிமிட் இல்லை' என்று சொல்லக் கூடாது. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, குழந்தைக்குப் பிடித்த இடத்திலோ, யூனிஃபாரம் போடாத போலீஸார்தான் எழுத வேண்டும். ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. யாரைக் கூப்பிடுவது என்று கை நடுங்கினால் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. இந்த இரண்டு நம்பரையும் காலண்டரில் கேஸ் கம்பெனி நம்பருக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாதிக்கப்பட்டவர் பெயரை வெளியிடுவது குற்றம். ஆனால் 2019-ல் பொள்ளாச்சி வழக்கில் அரசாங்க உத்தரவிலேயே பெண்ணின் விவரம் வந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வழக்கில் எஃப்.ஐ.ஆரே வெளியே கசிந்தது. இரண்டிலும் நீதிமன்றம் தலையிட்டு, அந்தப் பெண்களுக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இரண்டு வழக்குகளிலும் 2025-ல் தண்டனையும் கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் அந்த விவரங்களை 'ஃபார்வேர்டு' செய்தவர்கள் யார்? நம்மைப் போன்ற குடும்பஸ்தர்கள்தான். 'பாவம், பாருங்களேன்' என்று போட்டே அனுப்பினார்கள். அப்படி ஒன்று உங்கள் போனுக்கு வந்தால் அங்கேயே அழித்துவிடுங்கள்.

சிகிச்சை 28 நாளில் முடிந்துவிடாது. எய்ட்ஸ் பரிசோதனைக்கு டாக்டர் சொல்கிற தேதிகளில் மறுபடியும் போக வேண்டும். ராத்திரி திடுக்கிட்டு எழுவது, சாப்பிட மறுப்பது, கண்ணாடி பார்க்கப் பிடிக்காதது என்று மாதக்கணக்கில் தொடரலாம். மனநல டாக்டரிடம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "மறந்துடு, மறந்துடு" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பது எந்தப் பிரயோஜனமும் தராது. வீட்டைக் காலி செய்து வேறு ஏரியாவுக்குப் போவது, ஸ்கூலை நிறுத்துவது, அவசரமாக ஒரு மாப்பிள்ளை பார்ப்பது, இவையெல்லாம் தண்டனையைக் குழந்தைக்குக் கொடுக்கிற வேலை. கூடுமானவரை பழைய ஸ்கூல், பழைய சிநேகிதிகள், பழைய டைம்டேபிளே இருக்கட்டும்.

அப்படி ஒரு பெண் உங்கள் தெருவிலிருந்து மறுபடி ஸ்கூலுக்குக் கிளம்புகிற அன்றைக்கு, நீங்கள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டு இருக்கலாம். குனிந்தபடி பார்க்காத மாதிரி இருக்க வேண்டாம், 'ஐயோ பாவம்' என்ற முகத்தோடும் பார்க்க வேண்டாம். "என்னம்மா, பரீட்சை எப்போ?" என்று கேளுங்கள்.